சொந்தமாகச் செய்த இரும்பு பம்பர்: எந்தக் குறைக்கு எங்கே பார்ப்பது

சுங்கை சிப்புட்டிலிருந்து லாசா போகும் சாலையோரம் சின்னதாக ஒரு வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஆனால் குவாலா மூ பக்கம் காட்டுப் பாதையில் ஏறி இறங்கிய காடிகள் சேறும் சகதியுமாக வாசலில் வந்து நிற்கும். பாதிக் காடிகளில் முன்னால் இருப்பது பையன்கள் தாங்களே செய்த பம்பர். லயத்து வீட்டுக்குப் பின்னால், இரவல் வாங்கிய வெல்டிங் மெஷினில், பழைய இரும்புக் கடையில் எடுத்த தகட்டில் செய்தது. இறங்கியதும் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: “அண்ணே, 4 மில்லி பத்தலையோ? 6 மில்லி போட்டிருக்கணுமோ?”

பம்பர் கெட்டுப்போய் என்னிடம் வந்தவற்றில் தகடு தாங்காமல் போனது மிகக் குறைவு. கோளாறு பெரும்பாலும் தகட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்: பம்பரைக் காடியோடு பிடித்திருக்கும் பிராக்கெட், போல்ட் போட்ட ஓட்டை, சேசிஸ் எனும் அடிச்சட்டத்தின் நுனி. தகட்டைத் தடிப்பாக்கினால் அந்த மூன்றுக்கும் பாரம் கூடும், வேறொன்றும் ஆகாது. ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு ஒவ்வொரு மில்லி தடிப்புக்கும் 7.85 கிலோ கனக்கும். 4 மில்லி என்றால் 31 கிலோ, 6 மில்லி என்றால் 47 கிலோ. என் கணக்கு எப்போதும் பம்பரின் முகத் தகட்டுக்கு 4 மில்லி, பிராக்கெட்டுக்கு 8 அல்லது 10. நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

அதனால் கீழே உள்ளதை முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை. உங்கள் காடி என்ன சொல்கிறதோ அந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள்.

“ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது”

கிரைண்டரைக் கையில் எடுக்காதீர்கள். கோணலாக இருப்பது பம்பரா, பாடியா என்று முதலில் தெரிய வேண்டும். பிக்கப் காடிகளில் பாடி சேசிஸின்மேல் ரப்பர் வைத்து உட்கார்ந்திருக்கும். பத்துப் பதினைந்து வருடம் செம்மண் சாலையில் ஓடிய காடியில் ஒரு பக்க ரப்பர் நசுங்கி, பாடியே ஒரு விரல் சாய்ந்திருப்பது சாதாரணம். கிரில்லுக்கும் பம்பருக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்து அளந்தவன் சாய்ந்த சுவரைப் பார்த்துப் படம் மாட்டியவன் மாதிரி. நான் முதன்முதலாகச் செய்த பம்பர் அப்படித்தான் கோணலாகப் போனது. இரண்டு முறை வெட்டி ஒட்டிய பிறகுதான் பம்பர் நேராக இருந்தது, பாடிதான் சாய்ந்திருந்தது என்று புரிந்தது.

சேசிஸில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் ஓட்டை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அங்கிருந்து பம்பரின் இரண்டு நுனிக்கும் டேப் பிடியுங்கள். அப்புறம் குறுக்காக, இடது ஓட்டையிலிருந்து வலது நுனிக்கும் வலது ஓட்டையிலிருந்து இடது நுனிக்கும் பிடியுங்கள். நேரளவும் குறுக்களவும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் பம்பர்மேல் குற்றமில்லை. பாடி ரப்பரைப் பாருங்கள்.

அளவு ஒத்துவரவில்லை என்றால் பம்பரைக் கழற்றி மட்டமான சிமெண்ட் தரையில் வையுங்கள். கால் ஆடும் நாற்காலி மாதிரி ஆடினால் வெல்டிங் சூட்டில் முறுக்கியிருக்கிறது, அடுத்த பகுதிக்குப் போங்கள். ஆடவில்லை என்றால் பிராக்கெட் ஓட்டையில்தான் தவறு. ஓட்டையை நாலா பக்கமும் அகலப்படுத்தித் தப்பிக்கப் பார்ப்பார்கள். அப்படிச் செய்தால் அடுத்த மாதம் பம்பர் தானாக இறங்கிவிடும். மேலும் கீழுமாக மட்டும் நீள ஓட்டை போட்டு, மட்டம் பார்த்து இறுக்கி, அப்புறம் பக்கத்தில் வட்டமாக இன்னொரு ஓட்டை துளைத்து அதிலும் ஒரு போல்ட் போட்டுவிட்டால் பிறகு அது அசையாது.

“வெல்டிங் போடுற வரைக்கும் நேராத்தான் இருந்துச்சு”

உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது பக்கத்தில் இருப்பதைத் தன் பக்கம் இழுக்கும். நீங்கள் எந்தப் பக்கம் வெல்டிங் போட்டீர்களோ அந்தப் பக்கம் குழிந்து, பம்பர் வாழைப்பழம்போல் வளையும். ஒன்றரை மீட்டர் நீளத்தில் உள்பக்கம் மட்டும் ஒரே மூச்சில் தைத்துக்கொண்டு போனால் இரண்டு நுனியும் காடியை நோக்கி வந்து நிற்கும். அப்புறம் பெண்டர் உரசுகிறது என்று தகட்டைக் குறை சொல்வார்கள்.

வராமல் தடுக்க வழி பழையதுதான். முழுவதையும் முதலில் கையளவுக்கு ஒரு டேக் என்று பொட்டு வைத்ததுபோல் பிடித்துக்கொள்ளுங்கள். டேக் நிலையிலேயே காடியில் மாட்டிப் பாருங்கள். சரியாக இருந்தால் பிராக்கெட் போல்ட்டை இறுக்கிவிட்டு, காடியையே அச்சாக வைத்து இன்னும் நிறைய டேக் போடுங்கள். முழு வெல்டிங்கைக் கழற்றிப்போட்டுச் செய்யுங்கள். நடுவில் ஐந்து சென்டிமீட்டர், இடது ஓரம் ஐந்து, வலது ஓரம் ஐந்து என்று இடம் மாற்றி மாற்றிப் போடுங்கள். கையால் தொட முடியாத சூட்டில் அடுத்ததைப் போடக் கூடாது. நடுவில் ஒரு தே தாரேக் குடிக்கும் நேரம் விடுவது சோம்பேறித்தனம் ஆகாது.

காடியில் வைத்து டேக் போடும்போது பேட்டரியின் இரண்டு முனையையும் கழற்றிவிடுங்கள். எர்த் கிளாம்பை வெல்டிங் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே கவ்வுங்கள். பின்னால் எங்கேயோ கவ்வினால் மின்சாரம் சக்கர பேரிங் வழியாகக்கூட ஓடி அதைக் கெடுக்கும்.

ஏற்கெனவே வளைந்துவிட்டதா? வளைவின் வெளிப்பக்கத்தில், அதாவது புடைத்துக்கொண்டிருக்கும் பக்கத்தில், கேஸ் டார்ச்சால் விரலகலக் கோடாகச் சிவக்கச் சூடாக்கி ஆறவிடுங்கள். அந்தப் பக்கமும் சுருங்கி, வளைவைத் திருப்பி இழுக்கும். ஒரு கோடு, ஆறவிட்டு அளவு, அப்புறம் அடுத்த கோடு. அவசரப்பட்டுச் சுத்தியல் எடுத்தால் நுனி நிமிரும், நடு அப்படியே இருக்கும்.

“வெல்டிங் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா வருது”

துரு, பெயிண்ட், எண்ணெய், ஈரம். இந்த நான்கில் ஒன்று. தகட்டின் ஓரத்தை ஒரு அங்குலம் வெள்ளையாகத் தெரியும்வரை கிரைண்டரால் தேய்த்த பிறகும் குமிழ் வந்தால் வெல்டிங் குச்சியைச் சந்தேகப்படுங்கள். நம் ஊர்க் காற்றில் திறந்து வைத்த பாக்கெட் அப்பளம்போல் நமத்துப்போகும். 6013 குச்சி கொஞ்சம் ஈரத்தைப் பொறுக்கும், 7018 பொறுக்காது. சூடான பெட்டியில் வைத்து எடுக்க வசதியில்லாதவர் 7018 பக்கம் போகாமல் இருப்பதே மேல். 4 மில்லி தகட்டுக்கு 2.6 மில்லி 6013 குச்சி, 80 ஆம்பியர் சுற்றுவட்டாரம் போதும்.

கேஸ் இல்லாமல் ஓடும் ஒயர் மெஷின் வாங்கிய பையன்களுக்கு ஒரு வார்த்தை. பொரிகடலை மாதிரி தெறித்தால் மெஷின் மூடியைத் திறந்து பாருங்கள். டார்ச் மைனஸில் இருக்க வேண்டும். கேஸ் மெஷினுக்கு மாட்டுவதுபோல் பிளஸ்ஸில் விட்டிருப்பீர்கள். கேஸ் மெஷின் வைத்திருப்பவர்கள் காற்றாடியைத் தள்ளி வையுங்கள். காற்றடித்தால் கேஸ் பறந்துவிடும், குமிழ் தானாக வரும்.

தண்ணீர்க் குழாய் கிடைத்தது என்று துத்தநாகம் பூசிய பைப்பில் வெல்டிங் போடாதீர்கள். வெள்ளைப் புகை வரும், ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். எனக்கு வந்தது. பால் குடித்தால் சரியாகும் என்றார்கள், குடித்தேன். பால் வயிற்றுக்குப் போனது, புகை நெஞ்சுக்குப் போயிருந்தது.

“குழியில இறங்கினா டடக்குனு சத்தம்”

இதுதான் அதிகம் வரும் நோய், அதிகம் தவறாக வைத்தியம் பார்க்கப்படுவதும் இதுவே. பெரும்பாலோர் போல்ட்டை இன்னொரு சுற்று இறுக்குவார்கள். ஒரு வாரம் சத்தம் நிற்கும், அப்புறம் திரும்ப வரும். இன்னும் இறுக்குவார்கள். கடைசியில் போல்ட் நீண்டு அறுந்துவிடும்.

ஒருவரை பம்பரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் கீழே படுத்து, பிராக்கெட்டும் சேசிஸும் சேரும் கோட்டில் விரல் நகத்தை வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத அசைவு நகத்துக்குத் தெரியும். அங்கே அசைவு இல்லை, சத்தம் மட்டும் வருகிறது என்றால் வின்ச் எனும் இழுவை மெஷினின் போல்ட்டையும் நம்பர் பிளேட்டையும் பாருங்கள். நம்பர் பிளேட்டுக்காக ஒரு நாள் முழுக்கப் பம்பரைக் கழற்றி மாட்டிய போர்மேன் ஒருவரை எனக்குத் தெரியும்.

அசைவு இருந்தால் மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது பெயிண்ட். பிராக்கெட்டின் உட்பக்கமும் சேசிஸும் தடித்த பெயிண்ட்டோடு சேர்ந்தால் ஓடும்போது அந்த பெயிண்ட் நசுங்கி உதிரும், போல்ட் லூசாகும். சேரும் முகங்களில் மெல்லிய பிரைமர் மட்டும் போதும். இரண்டாவது ஓட்டை. 12 மில்லி போல்ட்டுக்கு 13 மில்லி ஓட்டை. டிரில் கிடைக்கவில்லை என்று குச்சியால் உருக்கிப் போட்ட ஓட்டையில் எந்தப் போல்ட்டும் நிற்காது.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது. ஹைலக்ஸ் மாதிரி காடிகளில் சேசிஸின் முன்நுனி மூடிய பெட்டிக் குழாய். அதற்குக் குறுக்கே நீளப் போல்ட் போட்டு இறுக்கினால் நீங்கள் இறுக்குவது போல்ட்டை அல்ல, பெட்டியின் இரண்டு சுவரையும் ஒன்றை நோக்கி நசுக்குகிறீர்கள். சுவர் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். இறுகிவிட்டது என்று நினைப்பீர்கள். ஓடும்போது இன்னும் கொஞ்சம் கொடுக்கும், போல்ட் லூசு. மறுபடி இறுக்கினால் மறுபடி நசுங்கும். இதற்கு மருந்து, பெட்டியின் உள் அகலத்துக்குச் சரியாக வெட்டிய தடித்த குழாய்த் துண்டு. போல்ட் அதன் உள்ளே போக வேண்டும். அப்போது இறுக்கும் பலம் முழுவதும் குழாய்மேல் விழும், சுவர் நசுங்காது. துண்டு அரை மில்லி குட்டையாக இருந்தாலும் பயனில்லை, அளந்து தேய்த்துப் பொருத்துங்கள்.

போல்ட் 8.8 என்று பலத்தின் தரம் தலையில் பொறித்ததாக இருக்கட்டும். கட்டில் கழற்றி எடுத்த போல்ட் வேண்டாம். 12 மில்லி 8.8 போல்ட்டுக்கு சுமார் 80 நியூட்டன் மீட்டர் இறுக்கம், அதாவது ஒரு அடி நீளக் கைப்பிடியின் நுனியில் 27 கிலோ அழுத்தம். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை சரிபாருங்கள். அப்புறமும் லூசானால் இறுக்குவதை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

“பிராக்கெட்ல முடி மாதிரி ஒரு கோடு”

அது முடியல்ல, விரிசல். கோடு எங்கே ஓடுகிறது என்று பாருங்கள், பதில் அங்கேயே எழுதியிருக்கிறது.

வெல்டிங்கின் நடு முதுகில் ஓடினால் வெல்டிங் உள்ளே இறங்கவில்லை. ஆம்பியர் குறைவு, அல்லது தடித்த தகட்டின் ஓரத்தைச் சாய்வாகத் தேய்க்காமல் மேலே மேலே பூசியிருக்கிறீர்கள். முழுக்கத் தோண்டி எடுத்துவிட்டுப் போட வேண்டும். மேலே இன்னொரு வரி போடுவது புண்ணின்மேல் பவுடர் பூசுவது.

வெல்டிங்கின் ஓரத்தை ஒட்டி, தகட்டில் ஓடினால் வெல்டிங் நன்றாக இருக்கிறது, பிராக்கெட்தான் ஒவ்வொரு குழிக்கும் வளைந்து வளைந்து களைத்துப்போயிருக்கிறது. தடிப்பு சேர்ப்பதைவிட ஒரு முக்கோணத் தகட்டை முட்டுக் கொடுப்பது பத்து மடங்கு பலன் தரும். விரிசலின் நுனியைக் கண்டுபிடித்து அங்கே 6 மில்லி ஓட்டை போட்டால் அது மேலே ஓடாது. அப்புறம் கோட்டைத் தோண்டி, வெல்டிங் போட்டு, முட்டு வையுங்கள். முட்டின் மூலையில் வெல்டிங்கை முடிக்காமல் சுற்றிக்கொண்டு போய் முடியுங்கள். அடுத்த விரிசல் எப்போதும் வெல்டிங் முடிந்த இடத்தில்தான் ஆரம்பிக்கும்.

விரிசல் சேசிஸிலேயே இருந்தால் அங்கே நிறுத்திவிட்டு, சேசிஸ் வேலை தெரிந்த பட்டறைக்குப் போங்கள். நான்கூட அதைத் தொடுவதில்லை.

இழுக்கும் கொக்கி தனிக்கதை. 9,500 பவுண்ட் வின்ச் என்றால் 4.3 டன் இழுவை. அந்த இழுவை முழுவதும் கொக்கி, பிராக்கெட், போல்ட் வழியாகச் சேசிஸுக்குப் போக வேண்டும், பம்பரின் முகத்தில் தங்கக் கூடாது. முகத்தகட்டின்மேல் ஒட்டிய காது, அதாவது கயிறு மாட்டும் ஓட்டைத் தகடு, ஒரு நாள் பிய்ந்து பறக்கும். 20 மில்லி தகட்டில் காதை வெட்டி, முகத்தில் பிளவு போட்டு உள்ளே நுழைத்து, பின்னால் நேரே பிராக்கெட்டில் சேருங்கள். உள்ளும் வெளியும் வெல்டிங் வேண்டும். காதில் மாட்டும் முக்கால் அங்குல ஷேக்கிள் வளையத்துக்கு 4.75 டன் என்று பொறித்திருக்கும். அதன் குறுக்கு ஊசி 22 மில்லி என்பதால் ஓட்டை 25 மில்லி போதும். காதின் ஓரத்தை உருட்டிவிடுங்கள். கயிறு கூர்மையான ஓரத்தில் ஒரு நிமிடம் உரசினால் போதும், அறுந்துவிடும். இழுக்கும்போது கயிற்றுக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது என்று நான் சொன்னால் பையன்கள் சிரிப்பார்கள். பிய்ந்த காது ஒன்று எதிர்க் காடியின் கண்ணாடியைத் துளைத்துப் பின்சீட்டில் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்று பின்சீட்டில் ஆள் இல்லை.

“மூக்கு குத்திக்கிச்சு”

பம்பரும் பிராக்கெட்டும் 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது முன் அச்சுக்கு எண்பது சென்டிமீட்டர் முன்னால் தொங்குகிறது. ஹைலக்ஸ் டபுள் கேபினில் இரண்டு அச்சுக்கும் நடுவே 3,085 மில்லி. துலாக்கோல் கணக்குப் போட்டால் முன் அச்சில் ஏறுவது 88 கிலோ, பின் அச்சிலிருந்து 18 கிலோ குறைகிறது. வின்ச் 40 கிலோ தனி. மழையில் காலியான பிக்கப்பின் பின்பக்கம் வழுக்குகிறது என்று சொல்பவர்கள் டயரைப் பார்ப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்க்கலாம்.

பம்பர் மாட்டுவதற்கு முன்னால் சக்கர நடுவிலிருந்து பெண்டர் விளிம்புவரை அளந்து எழுதி வைத்திருந்தால் எவ்வளவு இறங்கியது என்று தெரியும். எழுதி வைக்கவில்லையா, பம்பரைக் கழற்றி அளந்து பாருங்கள். இரண்டு சென்டிமீட்டருக்குமேல் இறங்கியிருந்தால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். அடியில் ஸ்பேசர் வைத்தால் உயரம் வரும், பலம் வராது; குழியில் அதே மாதிரி முட்டும். ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்குக் கம்பி இருக்கும் பழைய டோர்ஷன் பார் காடியில் முறுக்கி உயர்த்துவதும் அதே கதைதான். எதைச் செய்தாலும் அதற்குப் பிறகு அலைன்மெண்ட் பாருங்கள், லைட்டையும் சரிசெய்யுங்கள்.

“ஹைவேயில சூடு ஏறுது”

எப்போது ஏறுகிறது என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும். நின்றுகொண்டிருக்கும்போது ஏறினால் பம்பரை விடுங்கள், ரேடியேட்டர் காற்றாடியைப் பாருங்கள். ஊருக்குள் சரியாக ஓடி, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 90, 100இல் ஏறினால், வேகத்தில் வர வேண்டிய காற்றை முன்னால் ஏதோ மறைக்கிறது. முதலில் லைட் பாரையும் நம்பர் பிளேட்டையும் இடம் மாற்றி அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். மாறவில்லை என்றால் பம்பரையே கழற்றிவிட்டு ஒரு முறை ஓட்டுங்கள். சூடு காட்டும் முள் இறங்கினால் முகத்தில் வாய் வெட்ட வேண்டியதுதான். இறங்கவில்லை என்றால் ஏர்கோன் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே போன வாரத்துச் சேறு காய்ந்து கிடக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் பம்ப் அடித்தால் மெல்லிய இதழெல்லாம் படுத்துவிடும்.

“திருப்பினா டயர் உரசுது”

ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பி, அந்தச் சக்கரத்தை ஒரு கட்டையில் ஏற்றிப் பாருங்கள். தரையில் உரசாதது கட்டையில் உரசும். பம்பரின் சிறகை மேல்நோக்கிச் சாய்வாக வெட்டினால் டயரும் தப்பும், செம்பனைத் தோட்டத்து வாய்க்காலில் இறங்கி ஏறும்போது மூக்கும் இடிக்காது.

“ஏர்பேக் லைட் அணையவே இல்லை”

பழைய பம்பரைக் கழற்றியபோது ஒரு பிளக்கை மாட்ட மறந்திருப்பீர்கள், அல்லது பிராக்கெட் ஒயரை நசுக்கியிருக்கும். கண்ணால் மட்டும் பாருங்கள். மல்ட்டிமீட்டரோ பல்பு ஒயரோ வைத்துச் சோதிக்க வேண்டாம், அதற்கென்று கருவி வைத்திருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். இரும்பு பம்பர் மோதலைத் தான் வாங்கி நசுங்காமல் சேசிஸுக்கு அனுப்பிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏர்பேக் எப்போது வெடிக்க வேண்டும் என்ற கணக்கு அதனால் மாறலாம். எதிரே நடந்து வருகிறவருக்கு அது பிளாஸ்டிக் மாதிரி விட்டுக்கொடுக்காது. தோட்டத்துக்குள் மட்டும் ஓடும் காடி வேறு, பள்ளிக்கூட வாசலில் நிற்கும் காடி வேறு. சாலையில் ஓட்டுவதாக இருந்தால் தகடு வாங்கும் முன்பே ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அலுவலகத்தில் இந்த மாற்றத்துக்கு அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள். செய்து முடித்த பிறகு வெட்டச் சொன்னால் மனசு வலிக்கும்.

“பெயிண்ட் அடிச்சு மூணு மாசம்தான் ஆகுது”

பெயிண்ட் பொருக்காக, அடியில் கருநீலத் தோலோடு உதிர்கிறதா? தகடு ஆலையிலிருந்து வரும்போதே அந்தத் தோல் இருக்கும். அதன்மேல் அடித்த பெயிண்ட் அதோடு சேர்ந்து போய்விடும். பளபளப்பான வெள்ளி நிறம் வரும்வரை தேய்த்து, அன்றைக்கே துத்தநாக பிரைமர் அடியுங்கள். ராத்திரி விட்டுவைத்தால் காலையில் தேயிலைச் சாயம்போல் துரு பூத்திருக்கும்.

மூலையிலிருந்து செந்நிறமாக ஒழுகுகிறதா? உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கிறது. மிகத் தாழ்வான இடங்களில் 12 மில்லி ஓட்டை இரண்டு போடுங்கள், பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால்.

இரண்டும் செய்த பிறகும் ஒரு காடி மட்டும் திரும்பத் திரும்பத் துருவோடு வந்தது. கமுனிங் பக்கத்துத் தம்பி ஒருவருடையது. மூன்றாம் முறை வந்தபோது பம்பரை விட்டுவிட்டுப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். வாரத்தில் மூன்று நாள் செம்பனைக்குப் பொட்டாஷ் உரம் ஏற்றியிருக்கிறார். அது பொட்டாசியம் குளோரைடு, சமையல் உப்புக்குத் தம்பி முறை. ஏற்றி இறக்கும்போது பறக்கும் தூள் காடி முழுக்கப் படியும், மழை அதைக் கரைத்து ஒவ்வொரு இடுக்கிலும் இறக்கும். ரப்பர் பால் உறைய ஊற்றும் ஆசிட்டைக் கேனில் கொண்டுபோகும் காடிகளிலும் இதே கதையைப் பார்த்திருக்கிறேன். “தினமும் சாயந்திரம் பச்சைத் தண்ணியில கழுவு தம்பி” என்றேன். “அப்ப 6 மில்லி வேணாமா அண்ணே?” என்று கேட்டார்.